காலையில் மட்டும் பேரலுக்கு 5 கிலோ எண்ணெய் கூடப் போகிறது, மீட்டர் தப்பா?

கொப்பரைக்களம்

வணக்கம். காங்கேயம் பக்கத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் யூனிட்டில் பராமரிப்பு வேலை எனக்கு. டேங்கில் இருந்து கியர் பம்ப், அதற்கப்புறம் 40 மில்லிமீட்டர் ஜிஐ பைப்பில் ஒரு 30 மீட்டர், அப்புறம் ஸ்ட்ரெய்னர் (துகள் பிடிக்கிற வலை), அதை ஒட்டி 25 மில்லிமீட்டர் டர்பைன் மீட்டர் (எண்ணெய் ஓட்டத்தில் சக்கரம் சுற்றி அளப்பது), கடைசியில் 6 மீட்டர் ஹோஸ், இவ்வளவுதான் லைன். மீட்டரில் 200 லிட்டர் செட் பண்ணினால் வால்வு தானாக மூடிக்கொள்ளும், பேரலை உருட்டி ஓரமாக வைக்க வேண்டியதுதான்.

போன மே மாதம் மீட்டர் கொடுத்த கம்பெனி ஆள் வந்து பத்து பேரல் எடை போட்டுப் பார்த்து கே ஃபேக்டரை, அதாவது லிட்டருக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை, திருத்தி வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பேரலுக்கு 182 கிலோ, முன்னே பின்னே அரை கிலோ. எந்தப் புகாரும் இல்லை.

மார்கழி பிறந்ததில் இருந்து காலை ஷிப்டில் முதல் ஏழெட்டு பேரல் 187, 188 என்று வருகிறது. பதினொரு மணிக்கு மேல் தானாகவே 182க்கு இறங்கிவிடுகிறது. மீட்டர் எப்போதும் 200 லிட்டர் என்றேதான் காட்டுகிறது. பேரலுக்கு 5 கிலோ என்றால் இன்றைய விலைக்கு என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதலாளி மீட்டரை நம்புகிறார், ஆளை நம்ப மாட்டேன் என்கிறார். காலை ஷிப்டில் நிற்கிற லோடுமேன் வால்வைக் கையால் பிடித்துக்கொண்டு வேண்டியவர்களுக்குக் கூட விடுகிறார் என்று பேச்சாகிவிட்டது. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. கேமராகூட மாட்டிவிட்டார்கள்.

மீட்டரோடு வந்த சான்றிதழில் துல்லியம் 0.5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இங்கே கிட்டத்தட்ட 3 சதவீதம் போகிறது. மீட்டர் கெட்டுப்போச்சா? கெட்டுப்போயிருந்தால் மத்தியானம் மட்டும் எப்படிச் சரியாக வேலை செய்யும்? ஃபோர்மேன் ஸ்ட்ரெய்னர் வலையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார். எடுக்கலாமா?

வேகமா_சொல்றேன்

டர்பைனைத் தூக்கிப் போட்டுவிட்டு மேக்னெட்டிக் ஃபுளோ மீட்டர் மாட்டுங்க. உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது, பிரஷர் டிராப்பும் (வழியில் அழுத்தம் விழுவதும்) கிடையாது. எங்கள் சாயப்பட்டறையில் நாலு வருசமாக ஓடுகிறது.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்

மேலே சொன்ன தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். சாயத் தண்ணீரில் மின்சாரம் கடத்தும், அதனால் மேக்னெட்டிக் மீட்டர் வேலை செய்யும். எண்ணெயில் கடத்தாது. குறைந்தது சென்டிமீட்டருக்கு 5 மைக்ரோசீமன்ஸாவது இருக்க வேண்டும், தேங்காய் எண்ணெயில் அதெல்லாம் பக்கத்தில்கூட வராது. மாட்டினால் பூஜ்யம் காட்டும், இல்லையென்றால் கண்டதைக் காட்டும்.

கொப்பரைக்களம் தம்பி, வலையில் கை வைக்காதீர்கள். டர்பைன் பிளேடில் கொப்பரைத் துகள் ஒன்று போய் இடித்தால் போதும், அப்புறம் மத்தியானக் கணக்கும் போய்விடும். மற்றபடி மீட்டர் கெடவில்லை, ஆளும் திருடவில்லை. உங்கள் 5 கிலோவை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அடர்த்தி. மத்தியானம் எண்ணெய் ஒரு 36 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன், லிட்டருக்கு ஏறக்குறைய 911 கிராம். 200 லிட்டருக்கு 182 கிலோ. உங்கள் கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது பாருங்கள். காலையில் 26 டிகிரி என்றால் லிட்டருக்கு 918 கிராம், அதே 200 லிட்டர் 183.6 கிலோ. ஆக ஒன்றரை கிலோ எண்ணெய் குளிர்ந்து சுருங்கியதால் வந்தது, அதற்கு மீட்டரைக் குறை சொல்ல முடியாது. லிட்டரில் அளந்து கிலோவில் விற்கிற எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

மிச்சம் நாலு கிலோ போல இருக்கிறதே, அதுதான் விஸ்காசிட்டி, அதாவது எண்ணெயின் கெட்டித்தனம். அதை சென்டிஸ்டோக்ஸில் அளப்பார்கள், தேங்காய் எண்ணெய் 40 டிகிரியில் 27 சென்டிஸ்டோக்ஸ் அளவு. 36 டிகிரியில் 32. 26 டிகிரியில் 47ஐத் தொடும். தண்ணீர் 1. உங்கள் மீட்டருக்கு 0.5 சதவீதம் என்று சான்றிதழ் கொடுத்தவர்கள் அநேகமாகத் தண்ணீரை ஓட்டித்தான் கொடுத்திருப்பார்கள், தாளின் கீழ்ப்பக்கம் பாருங்கள், திரவம் என்ன என்று ஒரு வரி இருக்கும்.

டர்பைனுக்குள் நடப்பது இதுதான். ஓடுகிற எண்ணெய் பிளேடைத் தள்ளுகிறது, அதே எண்ணெய் பிளேடின் மேலும் பேரிங்கிலும் ஒட்டிக்கொண்டு இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது. தண்ணீரில் தள்ளுவது பெரிது, இழுப்பது ஒன்றுமே இல்லை, அதனால் மீட்டரின் வரம்புக்குள் எந்த ஓட்டத்திலும் லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்ற கணக்கு மாறாமல் நிற்கிறது. எண்ணெய் கெட்டியாக ஆக இழுப்பு கூடும், சக்கரம் சோம்பும், லிட்டருக்கு வரவேண்டிய துடிப்பு குறையும். மீட்டர் 200 என்று எண்ணி முடிப்பதற்குள் 205 போயிருக்கும். சில மீட்டரில் நடுவில் ஒரு மேடு வந்து கொஞ்சம் கூட்டியும் காட்டும், ஆனால் ஓட்டம் குறையக் குறைய கடைசியில் எல்லாம் குறைத்துக் காட்டுகிற பக்கம்தான் சாயும்.

எவ்வளவு மோசம் என்பதற்கு ரெனால்ட்ஸ் எண் போட்டுப் பாருங்கள், தள்ளுவதற்கு எதிரே இழுப்பு எவ்வளவு என்று சொல்கிற எண் அது, குறையக் குறைய இழுப்பின் கை ஓங்கும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை 21,220ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்விட்டத்தாலும் சென்டிஸ்டோக்ஸாலும் வகுத்தால் போதும். நிமிடத்துக்கு 100 லிட்டர், 25 மில்லி, தண்ணீர் என்றால் 84,000க்கு மேல். அதே ஓட்டத்தில் உங்கள் மத்தியான எண்ணெய்க்கு 2,650. சான்றிதழ் எழுதின உலகம் வேறு, உங்கள் மீட்டர் வாழ்கிற உலகம் வேறு. மே மாதம் வந்த ஆள் விஷயம் தெரிந்தவர், அதனால்தான் எண்ணெயிலேயே எடை போட்டுத் திருத்தினார். ஆனால் அவர் வைத்த கே ஃபேக்டர் மே மாத எண்ணெய்க்குத்தான் பொருந்தும்.

இன்னொன்று கேட்கணும். காலையில் ஒரு பேரல் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது, மத்தியானம் எவ்வளவு? ஸ்ட்ரெய்னருக்கு முன்னும் பின்னும் பிரஷர் கேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே இரண்டு மாட்டிவிட்டு நாளைக்கு வந்து சொல்லுங்கள்.

பாய்லர்_வேலு

கேஜ் விவரம் வரட்டும், அதற்குள் ஒரு கிளைக்கதை. நான் சால்வென்ட் பிளான்ட்டில் இருந்தவன், பிண்ணாக்கில் இருந்து ஹெக்சேன் போட்டு எண்ணெய் எடுப்பார்களே, அங்கே. அங்கே இதற்கு நேர் எதிரான தொல்லை. ஹெக்சேன் தண்ணீரைவிட மெலிசு, ஆனால் 40 டிகிரியிலேயே அதன் ஆவி அழுத்தம் வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். டர்பைனுக்குள் அழுத்தம் கொஞ்சம் அதிகமாக விழுந்தால் உள்ளேயே கொதிக்க ஆரம்பித்துவிடும், குமிழியும் சேர்ந்து சக்கரத்தைத் தள்ளும், மீட்டர் கூட்டிக் காட்டும். மீட்டருக்குப் பின்னால் இருக்கிற அழுத்தம் மீட்டரின் பிரஷர் டிராப்பைப் போல இரண்டு மடங்கும், ஆவி அழுத்தத்தில் ஒன்றேகால் மடங்கும் கூட்டினால் வருகிற அளவுக்காவது இருக்கணும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பின்னால் ஒரு வால்வை லேசாகத் திருகி அழுத்தத்தை ஏற்றின நாளில் இருந்து எங்கள் கணக்கு நேரானது.

தேங்காய் எண்ணெய்க்கு ஆவி அழுத்தம் என்று பேச ஒன்றும் இல்லை, அதனால் உங்களுக்கு இந்தப் பயம் வேண்டாம். பிரஷர் டிராப் என்றதும் எல்லோரும் பம்புக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதை மட்டும் பார்ப்பார்கள், அது மீட்டர் ரீடிங்குக்குள்ளேயும் கையை விடும் என்பதற்காகச் சொன்னேன்.

கொப்பரைக்களம்

அண்ணா, இரண்டு கேஜ் மாட்டிவிட்டேன். இன்றைக்குக் காலை ஆறரைக்கு எடுத்தது: டேங்கில் எண்ணெய் 26 டிகிரி, ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.6 கிலோ, பின்னால் 0.8 கிலோ. ஒரு பேரலுக்கு 2 நிமிடம் 50 நொடி. மத்தியானம் இரண்டு மணிக்கு: 36 டிகிரி, முன்னால் 1.1, பின்னால் 0.8. பேரலுக்குச் சரியாக 2 நிமிடம்.

வலையைக் கழற்றிப் பார்த்தேன். காலையில் அதன் மேல் வெள்ளையாக, நெய் உறைந்த மாதிரி மணல் மணலாக ஒட்டியிருந்தது. விரலில் எடுத்த உடனே கரைந்துவிட்டது. மத்தியானம் வலை சுத்தம். பம்பில் இருக்கிற ரிலீஃப் வால்வு 2.5 கிலோவுக்கு வைத்திருக்கிறது என்று ஃபோர்மேன் சொன்னார். காலையில் அதன் மேல் கை வைத்துப் பார்த்தால் அதிர்கிறது.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்

சபாஷ் தம்பி. விரலில் கரைந்தது என்று எழுதினீர்களே, கதை முழுக்க அதிலேயே இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்கு வந்தால் உறைய ஆரம்பிக்கும். உங்கள் ஊரில் மார்கழி விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிறது. டேங்க் பெரிது, அதனால் உள்ளே 26 நிற்கிறது. ஆனால் 30 மீட்டர் பைப் ராத்திரி முழுக்க வெட்டவெளியில் கிடக்கிறது, அதில் இருக்கிற எண்ணெய் பாதி உறைந்தே போயிருக்கும். காலையில் பம்பைப் போட்டதும் அந்தக் கட்டியெல்லாம் வந்து வலையில் உட்காருகிறது. வலையில் மட்டும் 1.8 கிலோ விழுகிறது, மத்தியானம் அதே இடத்தில் 0.3தான். முன்பக்க அழுத்தம் 2.5ஐத் தாண்டியதும் ரிலீஃப் வால்வு திறந்து எண்ணெயில் ஒரு பங்கு பம்பையே சுற்றி வருகிறது. கியர் பம்ப் என்றால் எப்படி இருந்தாலும் அதே அளவுதான் தள்ளும் என்ற நம்பிக்கை அங்கே முடிந்துபோகிறது. நிமிடத்துக்கு 100 லிட்டர் போன இடத்தில் 70 போகிறது.

இப்போது மீட்டருக்கு என்ன ஆகிறது பாருங்கள், இரண்டு பக்கமும் அடி. எண்ணெய் 32இல் இருந்து 47 ஆனது ஒரு அடி. ஓட்டம் 100இல் இருந்து 70 ஆனது இன்னொரு அடி. ரெனால்ட்ஸ் எண் 2,650இல் இருந்து 1,260க்கு வந்துவிட்டது, பாதிக்கும் கீழே. விஸ்காசிட்டி நேராகச் செய்கிற கெடுதல் ஒன்று, பிரஷர் டிராப்பை ஏற்றி, ஓட்டத்தைக் குறைத்து, டர்பைன் தடுமாறுகிற இடத்துக்கே கொண்டுபோய் விடுவது இன்னொன்று. பெரும்பாலான ஆட்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு மீட்டரை மாற்றுவார்கள், புது மீட்டரும் அடுத்த மார்கழியில் இதையேதான் செய்யும்.

பின்பக்க கேஜ் இரண்டு வேளையும் 0.8 காட்டியதைக் கவனித்தீர்களா? எனக்கு அது ரொம்பப் பிடித்தது. உங்கள் ஹோஸில் ஓட்டம் பெரும்பாலும் கலங்காமல் அடுக்கடுக்காகத்தான் போகிறது, அந்த நிலையில் பிரஷர் டிராப் ஓட்டம் பெருக்கல் விஸ்காசிட்டிக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். 100 பெருக்கல் 32 என்பது 3,200, 70 பெருக்கல் 47 என்பது 3,290. ஏறக்குறைய ஒன்றுதான். அந்த ஒரு கேஜை மட்டும் பார்த்திருந்தால் காலையும் மத்தியானமும் ஒன்றுதான், தப்பு எங்கேயும் இல்லை, ஆள்தான் திருடன் என்று முடித்திருப்போம்.

செய்ய வேண்டியது. டேங்குக்குள் வெந்நீர் ஓடுகிற சுருள் குழாய், அதாவது காயில், இருந்தால் ராத்திரியே திறந்துவிட்டு எண்ணெயை 36, 38இல் நிறுத்துங்கள். பைப்புக்கு மேலே கம்பளி சுற்றி அலுமினியத் தகடு போடுங்கள். ஹோஸ் கிளம்புகிற இடத்தில் இருந்து டேங்குக்கு ஒரு ரிட்டர்ன் லைன் கொடுத்து, முதல் பேரலுக்கு முன்னால் கால் மணி நேரம் எண்ணெயைச் சும்மா சுற்ற விடுங்கள், பைப்பில் உறைந்ததெல்லாம் கரைந்து டேங்குக்கே போய்விடும். ஸ்ட்ரெய்னரை அதே வலையில் ஒரு சைஸ் பெரிய கூடையாக மாற்றுங்கள், பரப்பு கூடினால் டிராப் குறையும். ரிலீஃப் வால்வை மட்டும் ஏற்றி வைக்காதீர்கள். சிலர் அதைத்தான் முதலில் செய்வார்கள், அப்புறம் பம்ப் சீல் ஒழுகுகிறது, மோட்டார் டிரிப் ஆகிறது என்று தனியாக ஒரு கேள்வி போடுவார்கள்.

துறைமுகத்தான்

சிங்கப்பூரில் பங்கர் பார்ஜில் வேலை பார்க்கிறேன், கப்பலுக்கு எரிபொருள் ஊற்றுகிற படகு. தேங்காய் எண்ணெய் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் நாங்கள் ஊற்றுவது 50 டிகிரியிலேயே 380 சென்டிஸ்டோக்ஸ் வரைக்கும் இருக்கும். சூடு குறைந்தால் தார் மாதிரி.

முன்பெல்லாம் டேங்கில் டேப் விட்டு ஆழம் பார்த்து, வெப்பநிலைக்கு அட்டவணை தேடி, அடர்த்தி பெருக்கி டன் கணக்கு சொல்வோம். எண்ணெயில் காற்றை அடித்து நுரைக்கவைத்து ஏமாற்றுகிற வேலையும் உண்டு, அதற்குக் கப்புச்சினோ என்றே பெயர். 2017 ஜனவரி 1இல் இருந்து துறைமுக ஆணையம் மாஸ் ஃபுளோ மீட்டர் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. கொரியோலிஸ் வகை. குழாய் இரண்டும் அதிரும், உள்ளே ஓடுகிற எடைக்கு ஏற்ப அந்த அதிர்வு முறுக்கும், அதை வைத்து நேராகக் கிலோவே சொல்லிவிடும். பழைய இன்ஸ்ட்ருமென்ட் ஐயா பிரித்துக் காட்டின அந்த ஒன்றரை கிலோ அடர்த்திக் கணக்கு இதில் எழவே எழாது.

ஆனால் இலவசம் ஒன்றும் இல்லை. உள்ளே ஓட்டம் இரண்டு சின்னக் குழாயாகப் பிரிந்து வளைந்து போகிறது. அடுக்கு ஓட்டத்தில் குழாயின் விட்டம் பாதியானால் பிரஷர் டிராப் 16 மடங்கு, நான்காம் அடுக்கு அல்லவா. கெட்டி எண்ணெய்க்கு மீட்டர் சைஸைத் துல்லியம் மட்டும் பார்த்துச் சின்னதாக எடுத்தால் பம்ப் திணறும். பெரிதாக எடுத்தாலோ ஓட்டம் வரம்பின் அடிமட்டத்துக்கு வந்து துல்லியம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம்தான் உண்டு, விற்பவரிடம் உங்கள் எண்ணெயின் மிகக் குளிரான நிலைக்கு டிராப் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். டேங்க் அடி தட்டி காற்று கலந்து வரும்போதும் மீட்டர் தடுமாறும், அதற்கே எங்களுக்குத் தனி நடைமுறை இருக்கிறது.

அளவுக்காரன்

மீட்டர் விற்கிற ஆள் நான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் நான் இருந்தால் கொரியோலிஸ் வாங்க மாட்டேன், அந்தக் காசுக்கு முதலாளி மயங்கி விழுவார். ஓவல் கியர் மீட்டர் பாருங்கள். இரண்டு முட்டை வடிவச் சக்கரம் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிண்ணம் எண்ணெயை அள்ளி அந்தப் பக்கம் போடுகிற மாதிரி. இதில் விஸ்காசிட்டி கூடினால் துல்லியம் கூடும், ஏனென்றால் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் நழுவுகிற எண்ணெய் குறைகிறது. டர்பைனுக்கு நேர் எதிர். வேலு அண்ணனின் ஹெக்சேனை இதில் ஓட்டினால் நழுவி ஓடிவிடும். ஆனால் கெட்டியாக ஆக பிரஷர் டிராப் ஏறும், அதனால் ஒரு சைஸ் பெரிதாக எடுத்து மெதுவாக ஓட்டணும். வலை இதற்கும் கட்டாயம் வேண்டும்.

பைப் மேல் கட்டுகிற அல்ட்ராசோனிக் மீட்டரை யாராவது கொண்டுவந்தால் யோசியுங்கள். அது குழாயின் குறுக்கே ஒரு கோட்டில் வேகத்தைப் பார்த்து மொத்தத்தைக் கணக்குப் போடுகிறது. அடுக்கு ஓட்டத்தில் அந்தக் கோட்டு வேகத்தை 0.75ஆல் பெருக்கணும், கலங்கின ஓட்டத்தில் 0.94 பக்கம். ஓட்டம் இரண்டுக்கும் எல்லைக்குப் பக்கத்தில் வந்தால் எதைப் போடுவது என்று அதற்கே தெரியாது.

இன்னொன்று, மத்திய அரசு 2022இல் எண்ணெய் பாக்கெட்டில் வெப்பநிலையைப் போட்டு அளவு எழுதாதீர்கள், எடையையும் சேர்த்துப் போடுங்கள் என்று சொன்னதே, காரணம் இதுதான். 1 லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். 60 டிகிரி என்று அச்சடித்தால் லிட்டருக்கு 26 கிராம் லாபம். உங்கள் முதலாளிக்கு நடப்பது அதே சங்கதியின் மறுபக்கம்.

வேகமா_சொல்றேன்

பேரலைக் கிலோவில்தானே விற்கிறீர்கள்? தராசு மேலேயே வைத்து நிரப்பி, 182 வந்ததும் வால்வு மூடுகிற மாதிரி வைத்துவிட்டால் இந்த மீட்டர் பஞ்சாயத்தே வேண்டாமே.

பழைய_இன்ஸ்ட்ருமென்ட்

தம்பி, மேக்னெட்டிக் மீட்டருக்கு வாங்கின அடியை இப்போது வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். சரியான யோசனை. தராசுக்கு விஸ்காசிட்டியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. டர்பைனை எடுக்க வேண்டாம், பக்கத்தில் சாட்சிக்கு இருக்கட்டும், இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விலகினால் வலையைப் பாருங்கள் என்று அர்த்தம்.

கொப்பரைக்களம்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். காயிலில் வெந்நீர் விடுகிறோம், ரிட்டர்ன் லைன் போட்டாச்சு, பைப்புக்குக் கம்பளி பாதி தூரம்தான் வந்திருக்கிறது. இன்றைக்குக் காலை எண்ணெய் 37 டிகிரி, வலைக்கு முன்னால் 1.2, பின்னால் 0.8. முதல் பேரல் 182.5, இரண்டாவது 182, மூன்றாவது 182.5. நிரம்ப 2 நிமிடம் 5 நொடி.

தராசில் மூடுகிற யோசனையை முதலாளியிடம் சொன்னேன், பொங்கல் கழியட்டும் என்றார். லோடுமேனிடம் அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. கேமராவை மட்டும் ஹோஸ் பக்கம் இருந்து கழற்றி, ஸ்ட்ரெய்னர் கேஜ் தெரிகிற மாதிரி மாட்டச் சொல்லியிருக்கிறார்.